கவர்காரரின் வெள்ளை லென்ஸ்

என் அக்காவின் கணவரை இந்த ஊர்ப் போட்டோகிராபர்கள் கவர்காரர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. நேரில் பார்த்தால் சார். எனக்கு அவர் மாமா. கூப்பிட்டுப் பழகிய வாய் என்பதால் இங்கேயும் மாமா என்றே எழுதுகிறேன். அதை மரியாதை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் வீட்டு சோபா, அக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருடம் வாங்கியது. கடையில் போட்டுக் கொடுத்த பாலித்தீன் கவர் இன்னும் அதன் மேல் இருக்கிறது. உட்கார்ந்தால் கீச்சென்று கத்தும். அதன் நிறம் என்னவென்று அக்காவுக்கே திட்டமாகத் தெரியாது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை. அந்த உறை அழுக்காகிவிடும் என்று அதற்கு மேல் இன்னோர் உறை. குடைக்கும் உறை உண்டு. தூறல் போட்டால், குடையை நனைக்க மனசில்லாமல் தலையை நனைத்துக்கொண்டு வருவார். தும்மினால் அக்காதான் கஷாயம் போட வேண்டும்.

மாமா பிறவிப் போட்டோகிராபர் இல்லை. பிரேம் கடைக்காரர். படத்துக்குக் கண்ணாடி வெட்டி, சட்டம் அடித்து, ஆணியில் மாட்டிக் கொடுத்துப் பிழைத்தவர். உள்ளதைச் சொல்ல வேண்டும்: கண்ணாடி வெட்டுவதில் அவர் கெட்டிக்காரர். டைமண்ட் கட்டரை வைத்து ஒரே இழுப்பு, மேஜை விளிம்பில் ஒரு தட்டு, ரொட்டி பிட்ட மாதிரி வரும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவர் தலைக்கு ஏறிவிட்டது. "படம் எடுக்கிறவன் எடுத்துட்டுப் போயிடுவான். அதுக்கு ஆயுசு குடுக்கறது மேல இருக்கற கண்ணாடி" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். பிரேம் கடையை முன்பக்கம் ஸ்டூடியோ ஆக்கியபோதும் கண்ணாடி மேஜையை விடாமல் பின் அறையில் போட்டுக்கொண்டார். முன்னால் கவுண்டர், மாடியில் படம் எடுக்கும் அறை, பின்னால் கண்ணாடி. அவருக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கத் தெரியும். அதற்கு மேல் எல்லாம் நான்.

மேடை நிகழ்ச்சிகள், பள்ளிப் பரிசளிப்பு, உள்ளரங்க விளையாட்டுப் போட்டிகள், இவைதான் என் வேலை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் "வீட்டு ஆளுக்கு எதுக்கு சம்பளம்?" என்பார். ஒரு நாள் லீவு கேட்டால் "வேலைக்கு வந்தா வேலைக்கு வந்தவ மாதிரி இரு" என்பார். இரண்டில் எது என்று ஒருமுறை கேட்டேன். அன்று அக்கா எனக்கும் சேர்த்துத் திட்டு வாங்கினாள். ஆனாலும் நான் விடாமல் இருந்தேன். காமிரா என் கையில் இருந்தது. பந்தை நோக்கி ஒருத்தி எம்பும்போது, அவள் கால் தரையை விட்ட அந்த நொடியைப் பிடிப்பது எனக்கு வரும். உலகத்தில் எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

உள்ளரங்கில் வெளிச்சம் குறைவு. பழைய லென்ஸில் ஓடுகிற ஆள் எல்லாம் புகையாகத் தெரிந்தார்கள். அதிக வெளிச்சம் வாங்குகிற நீள லென்ஸ் வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் மாமா என்னையும் அழைத்துக்கொண்டு காமிராக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளை; காமிரா கம்பெனியே செய்தது. இன்னொன்று கறுப்பு, வேறு கம்பெனி அதே காமிராவுக்குப் பொருந்தும்படி செய்தது. கறுப்பின் விலை வெள்ளையில் மூன்றில் ஒரு பங்கு. கடையின் இருட்டு மூலையில் ஒரு ஸ்டூலில் அட்டைப் பெட்டிகளை அடுக்கச் சொல்லி, இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தேன். வெளியே போய்த் தெருவில் ஓடுகிற சைக்கிள்களை எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம்.

நடுப்பகுதியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓரங்களில் வெள்ளை கொஞ்சம் தெளிவு. விளக்குக்கு எதிரே பிடித்தால் கறுப்பு லேசாக வெளுத்தது, வெள்ளை அசரவில்லை. ஓடுகிற ஆளைப் பிடிப்பதில் வெள்ளை ஒரு கண்ணிமைப்பு முந்தியது. மறுபக்கம், கறுப்பு எடை குறைவு. நாள் முழுக்கத் தூக்கி நிற்கிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

"கறுப்பே போதும் மாமா. மிச்சப் பணத்துல இன்னொரு காமிரா பாடி வாங்கிடலாம். நம்மகிட்ட இருக்கறது ஒன்னே ஒன்னு. நடுவுல அது படுத்துச்சுன்னா நாம கையக் கட்டிட்டு நிக்கணும்."

"வெள்ளை நல்லா இல்லன்னு சொல்றியா?"

"நல்லாருக்கு. மூணு மடங்கு நல்லா இல்ல."

மாமா வெள்ளை லென்ஸைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தார். "இதப் பாத்தாலே வாட்ச்மேன் எந்திரிச்சு கேட்டத் தொறப்பான்."

"கேட்டத் தொறக்கவா மாமா லென்ஸ்?"

"நீ படம் எடுக்கற. வேலை பிடிக்கறது யாரு? நான். கறுப்ப மாட்டிட்டுப் போனா, நம்மளயும் கூட்டத்துல போன்ல எடுக்கறவனயும் ஒன்னாத்தான் பாப்பான். வாயப் பொத்து."

கடைக்காரர் முன்னால் வைத்து வாயைப் பொத்து என்றார். வெள்ளைதான் வந்தது. லென்ஸுக்கு முன்னால் திருகிப் போடுகிற காவல் கண்ணாடி ஒன்று வாங்க வேண்டும்; எல்லாப் போட்டோகிராபர்களும் போடுவதுதான், ஃபில்டர் என்பார்கள். லென்ஸுக்குப் பேரம் பேசாமல் பணம் கட்டியவர், அந்த ஃபில்டரை இலவசமாகக் கொடு என்று அரைமணி நேரம் நின்றார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவது என்பார்களே, அது. கடைக்காரர் தலையெழுத்தே என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

முதல் வேலை பாட்மின்டன் போட்டி. படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன. வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தது. நல்ல லென்ஸ்தான் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். மாமா அன்று முழுவதும் சீட்டியடித்தார்.

அடுத்த வேலை ஒரு பள்ளியின் பரிசளிப்பு. படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். ஒரு முகம்கூடக் கூர்மையாக இல்லை. மேடை விளக்கு ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் பச்சையாக ஒரு போலி வெளிச்சம் ஆவி மாதிரி நின்றது. பரிசு வாங்கிய குழந்தையா, பரிசு கொடுத்தவரா என்றே தெரியாத படங்களும் இருந்தன. பள்ளியில் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"லென்ஸுல ஏதோ கோளாறு மாமா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." மாமா திரையை விரலால் தட்டினார். "கடையில நல்லா இருந்துச்சா? முதல் வேலையில நல்லா இருந்துச்சா? லென்ஸு அதேதான். அப்ப மாறினது எது? உன் கை ஆடுது."

ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். அப்படியேதான் வந்தது. "ஸ்டாண்டுல வச்சாலும் பட்டன அமுக்கறது உன் கைதானே?" என்றார். சின்ன லென்ஸ் போட்டு எடுத்துக் காட்டினேன், கூர்மையாக வந்தது. "சின்னத யாரு வேணா பிடிப்பா. பெரிசுக்குத் தெம்பு வேணும்" என்றார். சர்வீஸுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். "திறந்தா மதிப்புப் போச்சு" என்று லென்ஸை மடியில் வைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் என் கையில் வந்து முடிந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் வீட்டுச் சண்டை. அவர் நிறுத்தவில்லை. வாடிக்கையாளரிடம், அரங்க மேனேஜர்களிடம், மற்ற போட்டோகிராபர்களிடம், குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டி, "பாவம், மச்சினிச்சிக்குக் கை நடுக்கம். நரம்புக் கோளாறு போல. வெளிய சொல்லாதீங்க" என்றார். வெளியே சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் சொன்னார். என்னை நேரடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு அரங்கங்கள் கூப்பிடுவதை நிறுத்தின. ஒரு மேனேஜர் போனில், "உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

டாக்டரிடம் போனேன். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் அசையவில்லை. "ஒன்னும் இல்லையே. நடுக்கம்னு யாரு சொன்னா?" என்றார். வந்து சொன்னேன்.

"டாக்டர் அந்த லென்ஸத் தூக்கச் சொல்லிப் பாத்தாரா?" என்றார் மாமா.

இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நாளில் என் கை உண்மையிலேயே நடுங்க ஆரம்பித்தது. ஒரு மாலை அக்கா வீட்டில் எல்லோருக்கும் டீ எடுத்து வந்தேன். மாமா அந்தக் கீச்சு சோபாவில் இருந்தார். அவரும் அக்காவும் பேச்சை விட்டு என் கையையே பார்த்தார்கள். கப்பும் சாஸரும் டகடகவென்று அடித்துக்கொண்டன. டீ சாஸரில் வழிந்தது. மாமா அக்காவைப் பார்த்து மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் சொன்ன எல்லாச் சொல்லையும்விட அந்தத் தலையாட்டலை நான் அதிகம் வெறுக்கிறேன். அக்கா துணியெடுத்து சாஸரைத் துடைத்தாள். "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

மறுநாள் காமிரா என்னிடமிருந்து போனது. "கொஞ்ச நாள் பின்னாடி கண்ணாடி மேஜையப் பாரு" என்றார் மாமா. வெளிவேலைகளுக்கு ஒரு கூலிப் போட்டோகிராபர் வந்தார். அவர் தன் லென்ஸைத்தான் பயன்படுத்துவார், அடுத்தவர் லென்ஸைத் தொடமாட்டாராம். அவர் பையிலிருந்து எடுத்தது என்ன தெரியுமா? அதே கறுப்பு லென்ஸ். அதில் எடுத்த படங்களைக் கவுண்டரில் பரப்பி வைத்து மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு. கை ஒழுங்கா இருந்தா எந்த லென்ஸுலயும் வரும்." வெள்ளை லென்ஸ் கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில், பாலித்தீன் உறைக்குள், வருகிறவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தது. நானும் அதுவும் ஒரே நாளில் ரிடையர் ஆனோம்.

நடுங்குகிற கைக்குக் கண்ணாடி வெட்டும் வேலை கொடுத்தார் என்பதை யாராவது கவனித்தீர்களா? அவர் கவனிக்கவில்லை. நான் வெட்டினேன். முதல் வாரம் விரலில் இரண்டு கீறல், பிறகு ஒன்றும் இல்லை. யாரும் பார்க்காத அந்தப் பின் அறையில் கட்டர் என் கையில் நேர்கோடாகப் போனது. பிரேம் கண்ணாடி எப்படி இருக்கும் என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நேரே பார்த்தால் தெளிவாக இருக்கும். விளிம்பைப் பார்த்தால் பச்சை. சாய்த்துப் பிடித்து அதில் டியூப்லைட்டைப் பார்த்தால், நேரான டியூப்லைட் பாம்பு மாதிரி நெளியும். சுவரில் மாட்டுகிற படத்துக்கு அது ஒரு குறையே இல்லை. படம் கண்ணாடியை ஒட்டியே இருக்கும்.

மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. வெட்டியதில் மிச்சம் விழும் துண்டுகளை மாமா அதில் சேர்த்து வைப்பார். அவர் எதையும் எறிந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு சின்னப் பிரேமுக்குத் துண்டு தேடி அதைக் கிளறியபோது, ஒரு பக்கம் பிறையாக வளைந்த துண்டு ஒன்று கையில் வந்தது. கிளற இன்னும் மூன்று. பாதியில் உடைந்த ஒரு வட்டமும் கிடந்தது. எங்கள் கடையில் வட்டப் பிரேம் கிடையாது. யாருக்காக மாமா வட்டம் வெட்டினார்?

ஏதோ புரியத் தொடங்கியது. மாமா வெளியே போயிருந்தார். அலமாரியைத் திறந்து, வெள்ளை லென்ஸை உறையிலிருந்து உரித்து, பிறைத் துண்டுகளை அதன் வாயைச் சுற்றி வைத்தேன். அச்சாகப் பொருந்தின. லென்ஸைச் சாய்த்து ஃபில்டரில் டியூப்லைட்டைப் பார்த்தேன். நெளிந்தது. விளிம்பில் பச்சை.

ஃபில்டர் இறுகியிருந்தது. வளையத்தைச் சுற்றி ரப்பர் பேண்டைப் போட்டுத் திருகினேன், கழன்று வந்தது. கடைக்காரர் கொடுத்த அதே வளையம்தான். உள்ளே இருந்த கண்ணாடி மட்டும் மாமா வெட்டியது. அதற்குப் பின்னால் லென்ஸின் சொந்தக் கண்ணாடி, மயில் கழுத்து நிறத்தில், ஒரு குறையும் இல்லாமல் என்னைப் பார்த்தது. இத்தனை நாள் அந்த லென்ஸையும் என்னையும் ஒரு படச்சட்டத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்திருந்தார். வெகுதூரத்து முகத்தைப் பக்கத்தில் இழுக்கிற லென்ஸ் அது. கண்ணாடியில் இருக்கிற அந்தச் சின்ன நெளிவையும் சேர்த்தல்லவா இழுத்திருக்கிறது.

சந்தோஷமா வந்தது என்று கேட்காதீர்கள். நல்ல கோபம் வந்தது. லென்ஸைக் கடைக் காமிராவில் மாட்டி, வாசலில் நின்று, ஸ்டாண்ட் இல்லாமல், கையில் பிடித்து, தெருக்கோடிக் கடையின் போர்டை எடுத்தேன். ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன்.

மாமா திரும்பியபோது அக்காவும் சாப்பாட்டுப் பையோடு கடைக்கு வந்திருந்தாள். அவளும் பார்க்கட்டும் என்று கவுண்டரில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்: வளையம், பிறைத் துண்டுகள், இரண்டு படங்கள்.

"இது என்ன மாமா?"

அவர் திருட்டு முழி முழிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஓ, அதுவா? ஷட்டர இறக்கும்போது லென்ஸு இடிச்சு ஃபில்டர் கீறல் விட்டுச்சு. அதுக்குப் போயி கடையில புதுசு வாங்குவாங்களா? கண்ணாடி வெட்டறவன் வீட்டுல கண்ணாடிக்கா பஞ்சம்?"

"எப்ப இடிச்சுது?"

"பாட்மின்டன் முடிஞ்சு ரெண்டு நாள் இருக்கும்."

"அந்தப் பள்ளிக்கூட வேலைக்கு முன்னாடி."

"இருக்கலாம். அதுக்கென்ன? நான் வெட்டினதுல என்ன குறை? எதிர்ப்பக்கம் தெரியுதுல்ல?"

இரண்டு படங்களையும் அவர் முன்னால் தள்ளினேன். முதல் படத்தில் போர்டின் எழுத்துகள் கூழாக இருந்தன. இரண்டாவதில் எழுத்தோரத்தில் பெயிண்ட் உரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா! நான் அன்னைக்கே சொன்னேன்ல? லென்ஸுன்னா இதுதான் லென்ஸு! இதப் போயி கோளாறுன்னியே!" அக்காவிடம் படத்தைத் தூக்கிக் காட்டினார். "பாரு, போட்ட காசு வீண் போகல."

"என் கை?" என்றேன்.

"கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். "விடுடீ. அவரு தெரியாமப் பண்ணிட்டாரு."

"நடுங்குதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க மாமா. இல்லன்னு ஊரெல்லாம் சொல்லுங்க. அந்த மேனேஜருக்கு இப்பவே போன் போடுங்க, என் முன்னாடி."

"சும்மா இரும்மா. அதையெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருக்கான்? நாளைல இருந்து நீயே காமிராவ எடுத்துக்கோ, போதுமா?" சொல்லிக்கொண்டே வெறும் லென்ஸைப் பார்த்துப் பதறினார். "ஐயையோ, இப்படித் திறந்து வச்சா தூசி படும்" என்று தன் வட்டக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துத் திரும்பத் திருகப் போனார்.

நான் அன்றே அந்த வேலையை விட்டு வெளியே வந்துவிட்டேன். தெரியாமல் செய்தார் என்று அக்கா இன்றும் சொல்கிறாள். இருக்கலாம். தெரியாத ஒரு விஷயத்தை ஒரு மனிதர் இத்தனை பேரிடம், இத்தனை இரக்கத்தோடு எப்படிச் சொன்னார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

இப்போது எனக்கென்று ஒரு காமிராவும் அந்தக் கறுப்பு லென்ஸும் இருக்கின்றன. தவணை ஓடுகிறது. யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்வேன்: வெள்ளைதான் மேல், ஆனால் கறுப்பு போதும். வேலை வருகிறது, முன்பு போல இல்லை. புதிய அரங்கத்துக்குப் போனால் மேனேஜர் வணக்கம் சொல்லிவிட்டு, பார்க்காத மாதிரி என் கையைப் பார்க்கிறார். மாமா வந்து தெளிவுபடுத்தினாராம், ஆமாம், லென்ஸைப் பற்றி. அதில் ஒரு குறையும் இல்லையாம். ஃபில்டரில்தான் தப்பு என்று தானே கண்டுபிடித்தாராம்.

அக்காவுக்காக மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகிறேன். அன்று டீ நான்தான் போடுகிறேன். மாமாவின் கப்பை மட்டும் விளிம்பு வரை, இதற்கு மேல் ஒரு சொட்டுக்கும் இடமில்லை என்கிற அளவுக்கு நிரப்பி, சாஸரில் வைத்து, சமையலறையிலிருந்து அந்த சோபா வரை நடந்து போய் நீட்டுகிறேன். ஒரு துளி சிந்தாது. நீட்டியபடியே கொஞ்ச நேரம் நிற்கிறேன், பார்க்கட்டும் என்று.

அவர் டீயைப் பார்க்கிறார். "இத்தன ரொப்பினா சோபாவுல சிந்தாதா?" என்கிறார்.